இரண்டே இரண்டு சீற்

நோபேட் தன்னுடைய வானை விற்றுவிட்டான் என்ற செய்தி வெள்ளவத்தையில் பரவியதும், சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். வான் அவனுடையதுதான். பெற்றோல் அடித்தவனும் அவன்தான். ஆனாலும் நட்டப்பட்டது தாங்கள்தான் என்பதில் அவர்களுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. ஒரு பெரியப்பா கண்கூடக் கலங்கினார்.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. 1997ஆம் ஆண்டு. வடக்கிலிருந்து தப்பி வந்த சனத்தில் பாதி வெள்ளவத்தையில் விசாவுக்குக் காத்துக் கிடந்தது. அதில் நோபேட்டின் சொந்தம் கொஞ்சநஞ்சமல்ல. பொலிஸ் பதிவுக்கு வான், பாஸ்போட் கந்தோருக்கு வான், ஒளித்துத் திரியும் ஏஜென்சிக்காரனைத் தேடிப் பிடிக்க வான், விசா கிடைக்கவேண்டுமென்று கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்த வான், கிடைத்த பிறகு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான். நோபேட் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் கம்பனி ஒன்றில் வேலை செய்தான். பகல் முழுக்க நாட்டுக்குள் வரும் பெட்டிகளோடு மாரடித்துவிட்டு, பிறகு நாட்டை விட்டுப் போகும் பெட்டிகளை வானில் ஏற்றுவான். "ஏலாது" என்று சொல்லத்தான் ஒவ்வொரு முறையும் வாயைத் திறப்பான். "ஓம், வாறன்" என்றுதான் வெளியே வரும்.

இதில் அவனுடைய மனைவி மெற்றில்டாவுக்கு என்ன இடம்? கடைசி சீற். முன்சீற் மூத்தவர்களுக்கு என்பது அந்தக் குடும்பத்துக்குக் கர்த்தர் தனியாகக் கொடுத்த பதினோராவது கட்டளை. ஒரு மூத்தவர் விமானம் ஏறிப் போனால் அடுத்த மூத்தவர் வவுனியாவிலிருந்து வந்து இறங்கிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து மெற்றில்டா ஓடும் வானில் புருசனைப் பார்த்ததெல்லாம் பின்பக்கமிருந்துதான். அவனுக்கு உச்சியில் வழுக்கை விழுவது அவனுக்கு முதலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டிலும் இதே கதைதான். மூன்று அறைகளில் இரண்டு எப்போதும் வந்தவர்களுக்கு. சில கிழமைகளில் மூன்றாவதும் வந்தவர்களுக்கு. அந்த நாட்களில் அவள் குசினியில் பாய் விரித்துப் படுப்பாள்.

ஒரு நாள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்.

"ஹியூபேட் அண்ணை எங்களைக் கனடாவுக்கு எடுக்க எல்லாம் ஒழுங்கு பண்ணிப்போட்டார். மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் கோல் எடுத்து முடிவு கேப்பார். ஓம் எண்டு சொல்லப்போறன்."

"எனக்கு இஞ்ச வேலை இருக்கு மெற்றில்டா."

"நீங்கள் வாங்கோ, வராமல் விடுங்கோ. நான் போறன். அங்க எனக்கெண்டு ஒரு கதவு இருக்கும். சாத்தினா சாத்தினதுதான்."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நோபேட் பயந்திருக்க மாட்டான். அவள் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். அதுதான் அவனைப் பயமுறுத்தியது. மெற்றில்டா இல்லாத வீட்டை அவன் நினைத்துப் பார்த்தான். அறை நிறையச் சனம் இருந்தது, ஆனால் ஒரு மனிசர் இல்லை.

ஆண்பிள்ளைகளுக்குப் பயம் பிடித்தால் மூளை வேறு பாதையில் ஓடத் தொடங்கும். மற்றவனாயிருந்தால் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டிருப்பான், அல்லது சொந்தக்காரர்களைப் பார்த்துப் போதும் போங்கோ என்றிருப்பான். இரண்டுக்கும் வாய் வேண்டும். நோபேட்டிடம் வாய் இல்லை, வான் இருந்தது. அதை விற்றுவிட்டு, கொம்பனித்தெருவில் கார் புரோக்கர் மஜீட்டைத் தேடிப் போனான்.

"எனக்கொரு ஸ்போட்ஸ் கார் வேணும்."

மஜீட் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். "ஒங்களுக்கா?"

"எனக்குத்தான். ஒவ்வொரு நாளும் ஓடுறதுக்கு. காலமை திறப்பைத் திருப்பினா ஸ்ராட் ஆகவேணும். பார்ட்ஸ் பஞ்சிகாவத்தையில கிடைக்கவேணும். ஓடச் சந்தோசமா இருக்கவேணும்."

"எத்தின பேர் போகணும்?"

"ரெண்டு பேர். மூண்டாவது ஆள் ஏற ஏலாமல் இருக்கவேணும். அதுதான் முக்கியம்."

எத்தனை பேரை ஏற்றலாம் என்று கேட்காத வாடிக்கையாளரை மஜீட் கண்டதில்லை. எத்தனை பேரை ஏற்ற முடியாது என்று கேட்டவன் இவன் ஒருவன்தான். வெயில் ஏதும் தலையில் அடித்துவிட்டதோ என்று ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

கார் பார்க்க மெற்றில்டாவும் வந்தாள். புருசனுக்குப் பைத்தியம் எவ்வளவு தூரம் முற்றியிருக்கிறது என்று பார்க்கத்தான் வந்ததாகச் சொன்னாள். உண்மையில் அவளுக்குக் கார் என்றால் உயிர். கல்யாணத்துக்கு முன் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் தகப்பனின் மொறிஸ் மைனரை ஓட்டித் திரிந்தவள் அவள். நோபேட் பிரேக்கில் கால் வைத்தபடி யோசிக்கிற ரகம். மெற்றில்டா கியரை மாற்றிவிட்டுத்தான் யோசிப்பாள்.

முதல் கார் பம்பலப்பிட்டியில், ஒரு பறங்கித் துரையின் வளவுக்குள் நின்றது. பச்சை நிற இங்கிலாந்துக் கார், தோல் சீற், மரத்தில் ஸ்டியரிங். நோபேட் சொக்கிப்போனான். மழை பெய்யாவிட்டால், வெயில் கூடாவிட்டால், பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்திருந்தால் அருமையாக ஸ்ராட் ஆகும் என்று துரை நேர்மையாகச் சொன்னார். மெற்றில்டா பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"இது வச்சு அழகு பாக்கிற சாமான். உங்களையே நான் தள்ளிக்கொண்டு திரியிறன், இதையும் தள்ள ஏலாது."

இரண்டாவது கிருலப்பனையில். இரண்டு கதவு, சரிந்த முதுகு, புதுசு போல மினுங்கியது. நோபேட் பின்னால் தலையை விட்டுப் பார்த்தான்.

"இதென்ன?"

"சீற்றுதான். சின்னப் புள்ளைய வெக்கலாம்."

"பெரிய ஆக்கள் இருக்கேலாதோ?"

மஜீட்டின் வாய் தொழில் பழக்கத்தில் தானாகவே விற்கத் தொடங்கியது. "நெருக்கிப் புடிச்சா ரெண்டு பேரென்ன, மூணு பேரே ஈக்கலாம்!"

அவன் சொல்லி முடிப்பதற்குள் நோபேட் வீதிக்கு இறங்கிவிட்டான்.

மூன்றாவது மஜீட்டின் சொந்த இடத்திலேயே, கொம்பனித்தெருவில், ஸஹாப்தீன் என்பவரின் கராஜுக்குள் நின்றது. சிவப்பு மஸ்டா. துணிக்கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். ஸஹாப்தீனுக்கு மூன்றாவது பிள்ளை வரப்போகிறது, பெண்சாதி காரா நானா என்று கேட்டுவிட்டாள், மனிசன் மூக்கால் அழுதுகொண்டு விற்கிறார். நோபேட் சீற்றுக்குப் பின்னால் தட்டிப் பார்த்தான். தகரம். இரண்டு சீற், அதோடு சரி. ஒரு பிள்ளையை மடியில் வைக்கக்கூட இடம் காணாது. அவனுக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

மெற்றில்டா திறப்பை வாங்கினாள். அரைச் சுற்றிலேயே ஸ்ராட் ஆனது. பேரை வாவியைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓட்டினாள். பக்கத்தில் இருந்த நோபேட் ரோட்டைப் பார்க்கவில்லை. அவளுடைய தலைமயிர் கலைந்து முகத்தில் அடித்தது. வாவி ஓரத்து வளைவில் கியரைக் குறைத்துக் காரைத் திருப்பியபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் கேட்டு எத்தனையோ காலம். கேட்டதும் சந்தோசமாக இருந்தது, இவ்வளவு நாளும் அதைத் தானே அமுக்கி வைத்திருந்தேன் என்று வெட்கமாகவும் இருந்தது.

கராஜுக்குத் திரும்பியதும், "கிளச் லேசு. பிரேக் திறம். கியர் சொல்லுக் கேக்குது," என்றாள். பிறகு தான் கோபமாக இருக்கவேண்டியவள் என்பது ஞாபகம் வந்தது. "ஒரு சுத்துச் சுத்தினா வாழ்க்கையோ? ஒரு நாள் முழுக்க இதில சீவிச்சுக் காட்டுங்கோ. சந்தை, பூசை, எல்லாம். பின்னேரம் அண்ணை எடுக்கேக்க என்ர முடிவைச் சொல்லுறன்."

ஸஹாப்தீன் பெரிய மனசுக்காரர். கடைசி ஞாயிறு முழுக்க வைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு நன்றாகத்தான் விடிந்தது. வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய மரக்கறியெல்லாம் பின்பெட்டிக்குள் அடங்கியது, முருங்கைக்காயைத் தவிர. அதை மெற்றில்டா வாள் மாதிரிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். செக்பொயின்ற்றில் வழக்கமாக வானை மறித்தால் எல்லாரையும் இறக்கி, பெட்டிகளைக் கிண்டி, ஒரு பூசை நேரம் எடுப்பார்கள். அன்று இரண்டு அடையாள அட்டைகளையும் பார்த்துவிட்டு, ஆமிக்காரப் பொடியன் காரைச் சுற்றி வந்தான். "கீயக் துவனவத அய்யே?" என்றான். எவ்வளவு வேகம் ஓடும் என்று கேட்கிறான். இன்னும் ஓடிப் பார்க்கவில்லை என்று நோபேட் சிங்களத்தில் சொன்னதும், இப்படியும் ஒரு மனிசனா என்ற மாதிரிப் பார்த்தான். மெற்றில்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நோபேட் மனதுக்குள் கனடாவை இழுத்து மூடினான்.

கொட்டாஞ்சேனையில் பூசை முடிந்து வெளியே வந்தபோது, கோயில் வாசலில் றஞ்சிதம் மாமி நின்றாள். நோபேட்டின் தாய்மாமன் பெண்சாதி. தாராளமான உடம்பு, அதைவிடத் தாராளமான குரல். இரண்டு பைகளோடு நின்றாள்.

"உங்கட வீட்டை வரத்தான் நிண்டனான் தம்பி. புதன்கிழமை எனக்கு எம்பசியில இன்ரவியூ. இதென்னடா, வானைக் குறுக்கிப்போட்டாயோ?"

"மாமி, இதில ரெண்டு பேர்தான் இருக்கலாம்," என்றான் நோபேட். அதுவரைக்கும் அவன் வீரன்தான்.

"அதுக்கென்ன? நீ ஓட்டுறாய், நான் இருக்கிறன். பிள்ளை இளசுதானே, பஸ்ஸில வரட்டும்."

"ஓம் மாமி," என்றது நோபேட்டின் வாய். வாயோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கை போய்க் கதவையும் திறந்துவிட்டது.

மெற்றில்டா அவனைப் பார்த்தாள். பூசைக்குக் கொண்டுபோன செபமாலையும் சில்லறைப் பையும் மட்டும் கையில் இருந்தன. அப்படியே திரும்பி, மட்டக்குளியிலிருந்து கல்கிசைக்குப் போகும் பஸ் நிற்கிற இடத்துக்கு விறுவிறென்று நடந்தாள்.

மாமி காருக்கு முதுகைக் காட்டி நின்று, பிதா சுதன் சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டு, பின்பக்கமாக உள்ளே விழுந்தாள். கார் ஒருமுறை கீழே போய் மேலே வந்தது. வழி முழுக்க அவளுக்கு ஒரே புளுகம், சந்தோசம் பிடிபடவில்லை. கூரையைத் திறக்கச் சொன்னாள், காற்று நல்லது என்றாள், தெரிந்த முகம் கண்ட இடமெல்லாம் கை காட்டினாள். நோபேட்டின் மனசோ கொட்டாஞ்சேனை பஸ் தரிப்பிடத்திலேயே நின்றுவிட்டது. வெள்ளவத்தையில் மாமியை வெளியே எடுக்க, சந்தியில் நின்ற இரண்டு திறீவீல்காரர்களின் உதவி தேவைப்பட்டது.

பைகளை எடுக்கப் பின்பெட்டியைத் திறந்தான். மாமியின் பைகளுக்குக் கீழே, மரக்கறிகளுக்கு நடுவில், மெற்றில்டாவின் ஹாண்ட்பாக் கிடந்தது. திறந்து பார்த்தான். உள்ளே அடையாள அட்டை.

கொழும்பில் அந்த நாட்களில் ஒரு தமிழ்ச் சனம் செருப்பில்லாமல் தெருவில் இறங்கலாம், அடையாள அட்டையில்லாமல் இறங்க முடியாது. நோபேட் ஹாண்ட்பாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வாசலில் நின்று வந்த பஸ்ஸையெல்லாம் பார்த்தான். கல்கிசை பஸ் ஒன்று போனது. இன்னொன்றும் போனது.

"பஸ் ஆறுதலா மெல்லத்தானே வரும். எனக்கொரு தேத்தண்ணி போடன் தம்பி," என்று உள்ளேயிருந்து மாமி குரல் கொடுத்தாள்.

அவன் காரில் பாய்ந்து ஏறினான். அந்தக் கார் எவ்வளவு வேகம் ஓடும் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அதில் ஒரு சந்தோசமும் இருக்கவில்லை. கொள்ளுப்பிட்டிக்குக் கிட்ட செக்பொயின்ற்றில் விசாரித்தான். ஒரு பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்களாம், அட்டையில்லாத ஒரு பொம்பிளையையும் வேறு சிலரையும் பொலிசுக்கு அனுப்பினார்களாம்.

பொலிசில் மெற்றில்டா ஒரு வாங்குப் பலகையில் செபமாலையைப் பிடித்தபடி இருந்தாள். பக்கத்தில் தியாகராசா ஐயா. நோபேட்டின் ஒழுங்கையில் அறை எடுத்து இருப்பவர், றெயில்வேயில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் அட்டை இருந்தது, ஆனால் அதில் சண்டை நடக்கும் கிளிநொச்சியின் விலாசம் இருந்தது. அது போதுமாயிருந்தது.

சார்ஜன்ட் மெற்றில்டாவின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெண்சாதியின் அட்டை உன்னிடம் எப்படி வந்தது என்று சிங்களத்தில் கேட்டார். நோபேட் உள்ளதைச் சொன்னான். காரில் இரண்டு சீற்தான், மாமி வந்துவிட்டார், பெண்சாதியை பஸ்ஸில் அனுப்பினேன். தமிழில் செய்தபோது மரியாதை போல இருந்த காரியம், சிங்களத்தில் சொன்னபோது அசிங்கமாக இருந்தது. சார்ஜன்ட் அதை மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரித் திரும்பச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். எழுதுவதெல்லாம் எழுதி, கையெழுத்தும் வாங்கி, மூன்று பேரையும் வெளியே விட்டபோது வெயில் சாய்ந்துவிட்டது.

வெளியே சிவப்புக் கார் வெட்கமில்லாமல் மினுங்கிக்கொண்டு நின்றது.

"ரெண்டு சீற் காரிலயும் எனக்கு இடமில்லை, என்ன?" என்றாள் மெற்றில்டா.

நோபேட் அவளுடைய ஹாண்ட்பாக்கை நீட்டினான். உள்ளே அவளை ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால், ஒரு கையெழுத்துப் பிழைத்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருந்தது. எல்லாம் ஒரு "ஓம் மாமி"க்காக.

அந்த நேரம் பார்த்துத் தியாகராசா ஐயா பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். காலிரண்டும் வீங்கியிருந்தன.

"தம்பி, வெள்ளவத்தைக்குத்தானே போறியள்? என்னால பஸ் ஏற ஏலாது. திரும்ப மறிச்சு இறக்கினாங்களெண்டா என்னால நிக்கவும் ஏலாது."

"ஓம் ஐயா. ஏறுங்கோ," என்றான் நோபேட்.

மெற்றில்டா கிழவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு பஸ் தரிப்பிடத்துப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

நோபேட் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான். நடுவீதியில், பொலிசுக்கு முன்னால், ஊரெல்லாம் பார்க்க. அந்தக் கைக்குள் திறப்பை வைத்தான்.

"அங்கால இல்லை, இஞ்சால. நீர் ஓட்டும். நான் பஸ்ஸில வாறன்."

அவள் திறப்பைப் பார்த்தாள். அவனை அதைவிட அதிக நேரம் பார்த்தாள்.

"உங்கட ஐடி இருக்கோ?"

"இருக்கு."

"எடுத்துக் காட்டுங்கோ."

எடுத்துக் காட்டினான். அவள் காருக்குப் போய், தியாகராசா ஐயாவை மெல்ல இருத்தி, பொல்லை அவர் கையிலேயே கொடுத்து, மற்றப் பக்கம் ஏறினாள். புறப்படும்போது டயர் ஒருமுறை கீச்சென்றது. வாசலில் நின்ற சார்ஜன்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். நோபேட் பஸ்ஸில் தொங்கினான். கூட்டம், வியர்வை, யாரோ ஒருவரின் கருவாட்டுப் பார்சல் முகத்துக்கு நேரே. நடுவில் ஒரு தரம் இறக்கிச் சோதித்து ஏற்றினார்கள். அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவள் போய்ச் சேர்ந்திருப்பாள் என்ற நினைப்பிலேயே நின்றுகொண்டு வந்தான்.

வீட்டு வாசலில் கார் இல்லை.

"எங்க மாமி அவ?" என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினான்.

மாமி கதிரையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். "ஐயாவை இறக்கிப்போட்டுக் கல்கிசைப் பக்கம் ஒரு ஓட்டம் ஓடப்போறன் எண்டா. எதுக்கெண்டு கேட்டன். சும்மாவாம். நானும் வாறன் பிள்ளை எண்டு வாசல் வரைக்கும் போனன் தம்பி. இதில இடமில்லை மாமி எண்டு சொல்லிப்போட்டுப் போறா. பக்கத்துச் சீற் வெறுமையாக் கிடக்க!"

நோபேட்டுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதற்குள் போன் அடித்தது. கனடாவிலிருந்து ஹியூபேட்.

"மச்சான், மெற்றில்டாட்டக் குடுங்கோ. என்ன முடிவு?"

"அவ இல்லை. காரில போயிட்டா."

"ஆரோட?"

"தனிய."

"அங்க இருக்கிற நிலமையில தனியவோ? ஏன், என்ன அவசரம்?"

"அவசரம் ஒண்டுமில்லை. சும்மாதான்," என்றான் நோபேட்.

வாசலில் ஹோர்ன் அடித்தது. மெற்றில்டா உள்ளே வந்தாள். தலைமயிர் பிய்ந்துபோய்க் கிடந்தது, முகம் காற்றில் சிவந்திருந்தது. கடலுப்பு வாசம் அடித்தது. அவன் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அண்ணை, நான் வரேல்லை. ஓம், யோசிச்சுத்தான் சொல்லுறன். இல்லை, பயமில்லை எண்டு சொல்லேல்லை, பயம்தான். விபரமாப் பிறகு கதைக்கிறன். இப்ப வைக்கிறன், கூரையைத் திறந்தபடி விட்டிட்டு வந்தனான், மழை வாற மாதிரிக் கிடக்கு. அதுக்கு முதல் இவரை ஒரு சுத்துக் கூட்டிக்கொண்டு போகவேணும்."